இணையக் கடைக்கு இடம் தேர்தல்

(மேடவாக்கத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



வர்த்தகத்தையும் கைத்தொழிலையும் நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் நம் சமூகத்தில் மிகப் பல. அக்குடும்பத்தார் இக்காலத்தில் எம்மைக் காணுந்தோறும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. இணையத்தில் கடை வைக்க விரும்புகின்றோம். எந்தத் தளத்தில் வைப்பது நலம் என்பதே அக்கேள்வி. ஒரு தளத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அமர்வது எமக்கு எளிது. ஆயினும் புடைவை விற்பார்க்கு ஏற்ற இடம் முறுக்கு விற்பார்க்கு ஏற்காது. மாதம் 10 பார்சல் அனுப்புவார்க்கு ஏற்றது 1,000 பார்சல் அனுப்புவார்க்கு ஏற்காது. ஆதலின் பெயரைக் கூறுவதினும் தேரும் முறையைக் கூறுவதே பயனுடைத்தெனக் கருதி, அதனையே இன்று பேசப் புகுகின்றோம்.

இவ்விஷயம் நமக்கு இப்பொழுது அவசரமானது ஏன் என்பதற்கு வெளியே சென்று சான்று தேட வேண்டுவதில்லை. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இம்மேடவாக்கம், வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் சாலையும் சோழிங்கநல்லூர்ச் சாலையும் கூடுமிடமாதலால், நம் கண்முன்னே நகரமாயிற்று. 2022ஆம் வருஷத்தில் திறக்கப்பெற்ற மேம்பாலம் வாகனங்களை நம் கடைகளுக்கு மேலாகவே கொண்டு செல்கின்றது. பெரும்பாக்கத்திலும் சித்தாலப்பாக்கத்திலும் வேங்கைவாசலிலும் அடுக்குமாடிகளில் வந்து குடியேறியோர், நம் கடைப்பலகையைப் பார்க்குமுன் தம் கைப்பேசியைப் பார்க்கின்றனர். உப்பும் புளியும் வேண்டுமாயினும் பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், ஸெப்டோ என்னும் செயலிகளில் விரலால் தொட்டுச் சில நிமிஷங்களில் வருவித்துக் கொள்கின்றனர். ஜனங்கள் பெருகினர், கடைவாயிலில் நிற்போர் அவ்வளவாகப் பெருகவில்லை. இஃது எவர்மீதும் குறைகூறற்குரியதன்று, காலத்தின் போக்கு. அப்போக்கில் நாமும் இறங்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வாறு இறங்குவது என்பதே ஆராயற்பாலது.

முதற்கண் தளம் என்பது யாது என்று தெளிவோம். இணையத்தில் பண்டம் விற்பதற்குரிய இடங்கள் மூவகைப்படும்.

முதலாவது, சந்தை. அமேஸான், பிளிப்கார்ட், மீஷோ போன்றவை இவ்வகையின. ஆயிரக்கணக்கான வியாபாரிகள் ஒரே கூரையின் கீழ்த் தம் சரக்கை விரிப்பர். ஜனத்திரளைச் சந்தைக்காரர் கொண்டு வருவர். அதற்காகக் கமிஷனாகவோ வேறு கட்டணமாகவோ வியாபாரியிடம் வாங்குவர்.

இரண்டாவது, வாடகைக் கடை. ஷாப்பிஃபை என்னும் கானடா தேசத்துத் தளமும், கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் தலைமை நிலயம் வைத்திருக்கும் ஸோஹோ கம்பெனியாரின் ஸோஹோ காமர்ஸும் இத்தன்மையன. கடையின் பெயர் நம்முடையது, பலகை நம்முடையது, சுவரும் கூரையும் மட்டும் அவர்களுடையவை. மாத வாடகையோ வருஷ வாடகையோ செலுத்த வேண்டும்.

மூன்றாவது, சொந்த மனையிற் கட்டிய கடை. 2011ஆம் வருஷத்தில் தோன்றிய வூகாமர்ஸ் என்னும் மென்பொருள் இதற்கு உதாரணமாகும். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளோடு இணைந்து நடக்கும் இதனை யாவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். ஆயின், அதனை ஏற்றி வைக்கும் கணினிக்கு வாடகை கொடுப்பதும், திருடர் புகாமல் காப்பதும், அவ்வப்போது பழுது பார்ப்பதும் நம் பொறுப்பேயாம். விலையில்லா மென்பொருள் என்பது செலவில்லாக் கடை என்று பொருள்படாது.

இம்மூவகையுள் ஒவ்வொன்றுக்கும் நன்மையுமுண்டு, தீமையுமுண்டு. அவற்றைப் பிரித்தறிவதற்கு நம் தேசத்தில் இவ்வாணிகம் நடந்து வந்த வரலாறு சிறிது துணை செய்யும்.

1999ஆம் வருஷத்தில் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்னும் இணையக் கடை தொடங்கப்பெற்றது. அந்நாளில் இணையத் தொடர்புள்ள வீடுகள் மிகச் சில. கடன் அட்டை வைத்திருந்தோர் அதனினுஞ் சிலர். பின்னர் இண்டியாபிளாஸா என்று பெயர் மாறி நடந்த அக்கடை 2013இல் மூடப்பட்டது. 2007இல் புத்தகம் விற்கத் தொடங்கிய பிளிப்கார்ட், 2010இல் பண்டம் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கலாம் என்னும் முறையைக் கைக்கொண்டது. காணாத கடைக்காரனிடம் முன்பணம் கொடுக்க அஞ்சிய நம் ஜனங்களின் சுபாவத்தை அறிந்து செய்த ஏற்பாடு அது. 2016இல் யுபிஐ வந்தபின் அட்டையில்லாதவரும் கைப்பேசியாலேயே பணம் செலுத்தலாயினர். ஆகவே, மேல்நாட்டில் செழித்த முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நட்டால் அது வேர்கொள்ளாது. நம் ஜனங்கள் பணங்கொடுக்கும் வழக்கத்துக்கும் நம்பிக்கை வைக்கும் வழக்கத்துக்கும் ஒத்ததே நிலைக்கும் என்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் அதனினும் கடியது. 2000ஆம் வருஷத்தில் தொடங்கிய பாஸி என்னும் இந்தியச் சந்தைத்தளத்தை 2004இல் அமெரிக்க தேசத்து ஈபே கம்பெனியார் விலைக்கு வாங்கித் தம் பெயரால் நடத்தினர். பின்னர் 2017இல் அது பிளிப்கார்ட்டின் கைக்கு மாறிற்று. 2018 ஆகஸ்டில் அச்சந்தை மூடப்பட்டது. அதே வருஷத்தில் பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை அமெரிக்க தேசத்து வால்மார்ட் கம்பெனியார் 1,600 கோடி டாலருக்கு வாங்கினர். பெருங் கம்பெனிகள் கைமாறுவது உலக வழக்கம். அதில் நமக்கு வியப்பில்லை. ஆனால், அச்சந்தையில் பல வருஷம் நேர்மையாய் விற்றுப் பெற்ற நட்சத்திரங்களையும் நன்மதிப்புரைகளையும் ஒரு சிறு வியாபாரி எந்தத் தலைச்சுமையில் எடுத்துக்கொண்டு வெளியேறுவான்? கடையை வேறு தெருவுக்கு மாற்றினால் பழகினவர் தேடி வருவர். சந்தையே மறைந்தால், பழகினவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது.

நிற்க. இனிக் கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பாராத வர்த்தகம் கண்கட்டி நடப்பதை ஒக்கும். பின்வரும் தொகைகள் எந்தத் தளத்தின் கட்டண அட்டவணையும் அல்ல. கணக்கிடும் வழியைக் காட்டுதற்பொருட்டு யாம் வைத்துக்கொண்டவை. பண்டத்தின்மேல் விதிக்கும் வரியை இங்கே சேர்க்கவில்லை. உங்கள் தொகைகளை உங்கள் தளத்தாரிடம் கேட்டு மாற்றி எழுதிக் கொள்ளுங்கள்.

ஒரு பண்டத்தின் விற்பனை விலை 600 ரூபாய் என்க. அதன் அடக்கமும் பெட்டி கட்டுங் கூலியும் 380 ரூபாய். சந்தையில் விற்றால் கமிஷன் நூற்றுக்கு 12 வீதம் 72 ரூபாய். ஆர்டர் ஒன்றுக்கு நிலைக்கட்டணம் 20 ரூபாய். கூரியர் 70 ரூபாய். ஆக 162 ரூபாய். இக்கட்டணங்களின்மேல் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18 வீதம் ஏறக்குறைய 29 ரூபாய். மொத்தம் 191 ரூபாய் கழிய நம் கைக்கு வருவது 409 ரூபாய். அடக்கம் போக லாபம் 29 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றுக் கணக்கு ஒழுங்காக வைப்பவர், கட்டணத்தின்மேற் செலுத்திய வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியிற் கழித்துக் கொள்ளலாம். பதிவில்லாதவர்க்கு அதுவும் செலவே. இனி, அனுப்பிய 10 பார்சலில் ஒன்று திரும்பி வந்ததாக வைத்துக்கொள்வோம். போன கூலியும் வந்த கூலியும் சேர்ந்து 140 ரூபாய் நஷ்டம். 9 பண்டத்தின் லாபமாகிய 261 ரூபாயில் இது கழிய, மிஞ்சுவது 121 ரூபாய். பத்துமுறை பெட்டி கட்டியதற்கு ஊதியம் பெட்டிக்குப் 12 ரூபாய்! விற்பனை பெருகிற்று என்று மகிழ்ந்திருப்போர் பலர் வருஷ முடிவில் மூலதனம் குறைந்திருப்பதைக் கண்டு திகைப்பது இதனாலேயாம்.

இனி, அதே பண்டத்தை வாடகைக் கடையில் விற்போமாயின், பணம் வாங்கித்தரும் நிறுவனத்துக்கு நூற்றுக்கு 2 வீதம் 12 ரூபாய். கூரியர் 70 ரூபாய். இவற்றின்மேல் வரி 15 ரூபாய். ஆக 97 ரூபாய் கழிய லாபம் 123 ரூபாய். பார்த்தீர்களா, நான்கு மடங்குக்கு மேல் ஆயிற்று என்று உடனே மகிழ வேண்டா. கடை வாடகை வரியுட்பட மாதம் 2,360 ரூபாய் என்றால், அதை அடைப்பதற்கே மாதம் 20 பண்டம் விற்றாக வேண்டும். அதுவுமன்றி, சந்தையில் ஜனங்கள் தாமே வருகின்றனர். நம் கடைக்கு நாம் அழைத்து வர வேண்டும். விளம்பரத்துக்கு ஆர்டர் ஒன்றுக்கு 100 ரூபாய் செலவாயின், 123 ரூபாய் லாபம் 23 ரூபாயாகச் சுருங்கும். சந்தையில் கிடைத்த 29 ரூபாயினும் இது குறைவு.

அங்ஙனமாயின் சந்தையே மேலன்றோ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் விற்பனையை மட்டும் நோக்கினால் அப்படியே தோன்றும். ஆனால், அதே மனிதர் இரண்டாம் முறை வாங்க வரும்போது நிகழ்வதைக் கவனியுங்கள். சந்தையில் இரண்டாம் முறையும் 191 ரூபாய் கழியும். பத்தாம் முறையும் 191 ரூபாய் கழியும். சொந்தப் பெயரில் நடக்கும் கடையிலோ, அவருக்கு மீண்டும் விளம்பரம் வேண்டுவதில்லை. தீபாவளிக்கு முன் ஒரு வாட்ஸாப் செய்தி போதும். அப்பொழுது 123 ரூபாய் லாபம் முழுமையாக நிற்கின்றது. ஆகவே, தளம் தேர்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி கமிஷன் எவ்வளவு என்பதன்று. வாங்கினவர் மறுமுறை யாரைத் தேடி வருவார், நம்மையா தளத்தையா என்பதே. யாம் இன்று கூற வந்த விஷயத்தின் சாரம் இவ்வொன்றேயாம்.

நம் முன்னோர் கடையில் பேரேடு ஒன்று இருந்தது. எந்த வீட்டார்க்கு எந்த அரிசி, யார் வீட்டில் எப்போது கலியாணம், யார் கடனைத் தவணை தவறாது தீர்ப்பவர் என்னும் செய்திகளெல்லாம் அதில் அடங்கியிருந்தன. கடையின் உண்மையான மூலதனம் அலமாரியிலுள்ள சரக்கன்று, அப்பேரேடே. இணைய வாணிகத்தில் அப்பேரேடு வாடிக்கையாளரின் பெயர், தொடர்பு எண், வாங்கிய விவரம் என்னும் பட்டியலாகும். சந்தைத்தளங்களில் பொதுவாக அப்பட்டியல் தளத்தாரிடமே இருக்கும். பார்சல் அனுப்புதற்கு வேண்டிய அளவே நமக்குக் காட்டப்படும். நம் சரக்கில் எது விற்கின்றது, எவ்விலையில் விற்கின்றது, எவ்வூரில் விற்கின்றது என்பதை நம்மினும் நன்றாக அறிந்தவர் அவரே.

இது பற்றி அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. அந்நிய மூலதனமுள்ள சந்தைத்தளத்தார் தாமே சரக்கை உடைமையாக வைத்து விற்றலாகாது என்னும் விதி, 2019 பிப்ரவரி 1 முதல் இறுக்கப்பட்டது. சில விற்பனையாளர்க்கு முன்னுரிமை அளிக்கப்படுகின்றது என்னும் புகாரின்மேல் 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேஸான், பிளிப்கார்ட் இரண்டின்மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன் நியாயாநியாயம் கூறுவது எமது வேலையன்று. தீர்ப்புக்குக் காத்திருந்து வர்த்தகம் செய்ய இயலாது என்பதே நாம் கருதத்தக்கது.

ஆயின் சந்தையை அறவே விலக்குக என்பது எமது கருத்தன்று. ஊர்த் திருவிழாவில் கடை போடாத வியாபாரி உண்டா? பத்து நாள் அங்கே கடை விரித்துப் புதுமுகங்களைக் காண்கின்றோம்; பிறகு நம் வீதிக்கு வந்துவிடுகின்றோம். திருவிழாக் கடையையே நிலையான கடையென நம்பி, வீதியிலுள்ள கடையை அடைத்துவிடுவதே பேதைமை. சந்தையில் இரண்டொரு பண்டங்களை வைத்து ஊரறியச் செய்க. தன் முழுச் சரக்கையும் தன் பெயருள்ள கடையில் வைத்திடுக. அச்சந்தையின் விதிகளுக்கு மாறாக எதுவும் செய்யாமலே, சரக்கின் தரத்தாலும் உறைமேல் அச்சிட்ட நம் பெயராலும் ஜனங்கள் நம்மை அறியும்படி செய்யலாம். சென்னை மாகாணத்துக் கைத்தறி நெசவாளர்க்காக 1935இல் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிலயத்தாரும், இன்று நேர்க்கடைகளோடு தம் பெயரிலேயே இணையக் கடையும் வைத்திருக்கின்றனர். ஒரு வாயிலை நம்பாமல் பல வாயில் வைப்பதே அறிவுடைமை.

இனி, தன் பெயரில் கடை வைக்கத் துணிந்தவர் எந்தத் தளத்தை மேற்கொள்வது? கவனிக்கற்பாலன சில கூறுகின்றோம்.

முதலாவது, கடை கைப்பேசியில் விரைந்து திறக்க வேண்டும். நம்மிடம் வாங்குவோரிற் பலர் விலையுயர்ந்த கைப்பேசி வைத்திருப்பவரல்லர். பளபளப்பான படங்கள் நிறைந்து, திறக்க அரை நிமிஷம் எடுக்குங் கடை, கதவு துருப்பிடித்த கடைக்கு ஒப்பாகும். விலை குறைந்த கைப்பேசி ஒன்றை எடுத்து, வீட்டு இணைப்பை நிறுத்திவிட்டு, தெருவில் நின்று திறந்து பாருங்கள். அதுவே பரீட்சை.

இரண்டாவது, தமிழ். பண்டத்தின் பெயரும் விவரமும் தமிழில் எழுதவும், தமிழில் தேடவும் இடங் கொடுக்குமா எனப் பார்க்க வேண்டும். பருப்புப்பொடி வாங்க வரும் பாட்டியார் ஆங்கிலப் பொத்தானைக் கண்டு திரும்பிப் போகலாகாது.

மூன்றாவது, பணம். யுபிஐ வழியாக வாங்கும் பணத்துக்கு வங்கிகள் வியாபாரியிடம் கமிஷன் பெறலாகாது என்று 2020 ஜனவரி முதல் விதி உண்டு. ஆயினும் இணையக் கடையில் இடையே நின்று பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்தார் தம் சேவைக்குத் தனிக்கட்டணம் கேட்பதுண்டு. சில தளத்தார் தம்முடைய பணவாயிலைப் பயன்படுத்தாத கடைக்காரரிடம் மேலும் ஒரு பங்கு வாங்குகின்றனர். அப்பணவாயில் நம் தேசத்தில் நடைபெறுகின்றதா என்று முன்னரே கேட்டறிக. பணம் எத்தனை நாளில் நம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதையுங் கேளுங்கள். சிறு முதலாளிக்குத் தாமதமும் வட்டியேயாம்.

நான்காவது, பண்டம் கண்டபின் பணம் என்னும் முறை. இதனால் ஆர்டர் பெருகும். திரும்பி வரும் பார்சலும் பெருகும். அனுப்புமுன் வாங்குவோரிடம் உறுதி கேட்கவும், குறிப்பிட்ட பின்கோடுகளுக்கு மட்டும் இம்முறையை அனுமதிக்கவும் தளத்தில் வசதி வேண்டும். முன்பணம் கொடுப்போர்க்குச் சிறு தள்ளுபடி கொடுப்பதும் நன்று.

ஐந்தாவது, அண்மை. இணையம் என்றவுடன் காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை விற்க வேண்டுமென நினையாதீர்கள். நாம் நிற்குமிடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் பள்ளிக்கரணை, நன்மங்கலம், கோவிலம்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் என எத்தனை ஊர்கள்! அவ்வளவிலேயே விற்பவருக்குக் கூரியர்க் கூலி குறையும். பண்டம் திரும்புவது குறையும். குறை நேர்ந்தால் நேரிற் சென்று தீர்க்கலாம். ஊர் வாரியாக அனுப்புங் கூலியை மாற்றி வைக்க இடந்தரும் தளமே நமக்கு ஏற்றது.

ஆறாவது, யாவற்றினும் முக்கியமானது, வெளியேறும் வழி. வீடு வாடகைக்கு எடுப்பவர் காலி செய்யும் நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்திடுவதில்லை. அவ்வாறே பண்டப் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், பழைய விற்பனைக் கணக்கு ஆகிய மூன்றையும் வேண்டியபோது ஒரு கோப்பாக இறக்கி எடுத்துச் செல்ல முடியுமா என்று முதல் நாளே செய்து பாருங்கள். இதனோடு ஒன்று. கடையின் இணைய முகவரி உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில் பதிவாக வேண்டும். கடை கட்டிக் கொடுக்க வந்த ஆள் அதனைத் தன் பெயரிற் பதிந்துகொண்டு, பின்னர்ச் சச்சரவு நேர்ந்தபோது வியாபாரி பலகையையே இழந்து நின்ற சம்பவங்களை யாம் கேள்வியுற்றிருக்கின்றோம். மனைப்பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதுவாருண்டோ?

இத்தளங்களும் வியாபாரியின் தேவையிற் பிறந்தவையே என்பதை மறத்தலாகாது. 2004இல் கானடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்க இணையக் கடை திறந்த ஒருவர், தமக்கேற்ற மென்பொருள் கிடையாமையால் தாமே ஒன்று செய்துகொண்டார். அதுவே 2006இல் ஷாப்பிஃபை ஆயிற்று. தன் தேவையைத் தெளிய அறிந்த கடைக்காரனுக்குத் தளம் பணி செய்யும். அறியாதவனோ தளத்துக்குப் பணி செய்வான்.

சட்ட விஷயத்தையுஞ் சிறிது கூறுதல் கடன். சந்தைத்தளத்தில் பண்டம் விற்போர் ஜி.எஸ்.டி. பதிவு பெறுதல் பொதுவிதி. 2023 அக்டோபர் 1 முதல், தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகட்குச் சில நிபந்தனைகளோடு இதில் விலக்கு உண்டு. பதிவு பெற்றோரின் விற்பனைத் தொகையினின்று ஜி.எஸ்.டி. கணக்கில் நூற்றுக்கு 50 காசும், வருமான வரிக் கணக்கில் பொதுவாக நூற்றுக்கு 10 காசும் தளத்தார் பிடித்துச் சர்க்காருக்குக் கட்டுவர். இவ்விகிதங்கள் 2024இல் குறைக்கப்பட்டவை. இவை பின்னர் நம் கணக்கில் சேருமாயினும், அதுவரை கைப்பணம் முடங்கும். தின்பண்டம் விற்பார்க்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். சமையலறை வீட்டில் உள்ளதென்பதால் விலக்கில்லை. 2020ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணைய வாணிகம் நடத்துவோர் தம் பெயரும் முகவரியும் குறைதீர்க்கும் அதிகாரியின் விவரமும் தெரியக் காட்ட வேண்டும். முறையீடு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் சொந்த விவரங்களைக் காப்பதற்கு 2023இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. பேரேடு நம் மூலதனம் என்றோமே, அது பிறர் நம்மை நம்பிக் கொடுத்த அடைக்கலப் பொருளுமாம். அதனை விற்பதும் கண்டவரிடம் கொடுப்பதும் கூடாது.

மேற்கூறிய மூவகையன்றி நான்காவது வழியொன்றும் இப்பொழுது பிறந்திருக்கின்றது. சந்தை முழுவதையும் ஒருவரே ஆளாதபடி, எந்தச் செயலியில் வாங்குவோரும் வேறெந்தச் செயலியில் விற்போரைக் காணும்வண்ணம் ஓ.என்.டி.சி. என்னும் பொது வலையை மத்திய சர்க்காரின் முயற்சியால் 2021 டிசம்பரில் நிறுவினர். 2022 ஏப்ரலில் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களுள் நம் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரு வங்கியில் கணக்குள்ளவர் வேறு வங்கியிலுள்ளவர்க்கு யுபிஐயால் பணம் அனுப்புவது போன்றதே இதன் கருத்து. கருத்து நன்று, ஆயினும் கருத்தை நம்பி மட்டும் முதல் போடாமல், நம் பண்டத்துக்கு அதனால் ஆர்டர் வருகின்றதா என்று சிறிதளவில் பரீட்சித்து மேற்செல்க.

முடிவாக, நம் சங்கம் செய்யத்தக்க காரியங்கள் சில உள. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், தென்பாண்டி நாட்டு வணிகர் வழியிற் கொள்ளைக்கும் பிறர் தயவுக்கும் அஞ்சி, சிவகாசி, விருதுநகர் முதலிய ஊர்களில் தமக்குப் பொதுவான பேட்டைகளைத் தாமே கட்டினர். வண்டிகளும் சரக்கும் அங்கே பாதுகாப்பாகத் தங்கின. அவற்றைப் பராமரிக்கத் தம் சரக்கின்மேல் மகமை என்னும் சிறு வரியைத் தாமே விதித்துக்கொண்டனர். அம்மகமையிலிருந்து பள்ளிக்கூடங்களும் எழுந்தன. சரக்கு தங்குமிடம் பிறர் கையில் இருந்தால் வர்த்தகமும் பிறர் கையிலேயாம் என்பதை அவர்கள் கணினி பிறவாத காலத்திலேயே கண்டறிந்தனர்.

அவ்வழியில் நாமும் சிறிது நடக்கலாம். சோழிங்கநல்லூர்ப் பக்கத்துக் கணினிக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர் நம் சமூகத்திற் பலர். அவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இச்சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, கடை வைப்பார்க்கு முகவரி பதிவதையும் பட்டியல் இறக்குவதையும் கணக்கு வைப்பதையும் கற்பிக்கலாம். பண்டங்களைப் படமெடுக்க ஒரு மேசையும் நல்ல விளக்கும் பொதுவில் வைக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து கூரியர்க்காரரிடம் பேசினால், தனியொருவர் பெறாத கூலிக்குறைப்பைப் பெறலாம். வீட்டிலிருந்தே பொடியும் வற்றலும் வடகமும் செய்து விற்கும் சகோதரிகள், தனித்தனிக் கடைக்கு வாடகை கொடாமல் ஒரே பெயரில் ஒரு கடை வைத்து, கணக்கை மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். இவ்வசதிகள் நம்மவர்க்கென்றே அடைபட்டிராமல், இவ்வூரிலுள்ள எச்சிறு வியாபாரிக்கும் திறந்திருத்தல் வேண்டும். பக்கத்துக் கடை அடைபட்டால் வீதி இருளும். இருண்ட வீதியில் நம் கடைக்கும் ஆள் வாரார்.

சகோதரர்களே! கடன் வாங்கிப் பெரிய கடை கட்ட விரையாதீர்கள். ஐந்து பண்டத்தோடு தொடங்குங்கள். மூன்று மாதம் கணக்கெழுதுங்கள். அக்கணக்கில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தனர் என்று எண்ணுங்கள். அவ்வெண் வளருமாயின் தளம் எதுவாயினும் வர்த்தகம் வளரும். வளராதாயின் எத்தளமும் காவாது. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், இதுவரை உங்களிடம் வாங்கியவர்களின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். எத்தளத்தையும் தேர்வதற்கு முன்னர்ச் செய்ய வேண்டிய காரியம் அதுவே.